ரீகோ பார்க்கில் யூதர்கள் இருக்கிறார்கள், யூத டெலி ஏன் இல்லை?

குயின்ஸ்_புதுசு:
நியூயார்க்கின் குயின்ஸ் பகுதியில், ரீகோ பார்க்கில் 63வது டிரைவ் பக்கம் புதிதாகக் குடிவந்திருக்கிறோம். ஆபீசில் ஒரு பெரியவர், "ரீகோ பார்க்கா? அங்கே பென்ஸ் பெஸ்ட்டில் பாஸ்ட்ராமி சாப்பிட்டாயா?" என்று கேட்டார். தேடிப் பார்த்தால், பாஸ்ட்ராமி என்பது பதப்படுத்திய மாட்டிறைச்சி; பென்ஸ் பெஸ்ட் அதைச் சாண்ட்விச்சாக விற்ற யூத டெலி. 1945இல் தொடங்கிய கடை, 2018இல் மூடிவிட்டார்களாம். ஆனால் 108வது தெருவில் நடந்தால் கடைக்குக் கடை கோஷர் (யூத மத விதிப்படியான உணவு) பலகை. சனிக்கிழமை குடும்பம் குடும்பமாக ஜெப ஆலயத்துக்குப் போகிறார்கள். இத்தனை யூதர்கள் இருக்கும் இடத்தில் யூதச் சாப்பாட்டுக் கடை எப்படிப் படுக்கும்? கடை இருந்த சாலையில் போட்ட பைக் லேன் (சைக்கிள் பாதை)தான் காரணம் என்று ஒரு செய்தியில் படித்தேன். நிஜமா?

பேரேட்டுக்காரன்:
குயின்ஸிலும் லாங் ஐலண்டிலும் சில கோஷர் டெலிகளுக்குக் கணக்கு எழுதியவன் நான். எந்தக் கடைகள் என்று கேட்காதீர்கள். நீங்கள் சொல்லும் கடை அதில் இல்லை.

108வது தெருவில் நீங்கள் பார்ப்பவர்களில் பெரும்பாலோர் புகாரா யூதர்கள். சோவியத் யூனியன் உடைந்த சமயத்தை ஒட்டி உஸ்பெகிஸ்தான், தஜிகிஸ்தானிலிருந்து வந்தவர்கள். அவர்கள் வீட்டுப் பாட்டி பாஸ்ட்ராமியைக் கண்ணால் பார்த்திருக்க மாட்டார். அவர்களுக்குப் புலாவ், லக்மான் நூடுல்ஸ், கம்பியில் சுட்ட கபாப். டெலி என்பது கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வந்த யூதர்களின் கடை. பாலக்காட்டு ஐயரும் குஜராத்தி ஜைனரும் சைவம்தான். அதற்காக ஒருவர் மெஸ்ஸை இன்னொருவர் வந்து காப்பாற்றுவாரா?

சரி, பழைய வாடிக்கையாளர்கள் எங்கே? பிள்ளைகள் படித்து வேலைக்குப் போய் லாங் ஐலண்ட், நியூ ஜெர்சி என்று பிரிந்தார்கள். பெற்றோர் ஓய்வு பெற்று ஃப்ளோரிடா போனார்கள். மிஞ்சியவர்களில் ஆசாரமானவர்கள், யூதர்களின் ஓய்வுநாளான சனிக்கிழமையும் திறந்திருக்கும் கடைக்குள் கால் வைக்க மாட்டார்கள். பழைய டெலிகளில் பலவும் சனிக்கிழமை வியாபாரத்தை விட்டதில்லை. ஆசாரம் பார்க்காதவர்களுக்கோ கோஷரே தேவையில்லை, பக்கத்தில் சீனக் கடை இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் இருந்த கூட்டத்தை நம்பித்தான் டெலி ஓடியது. அந்தக் கூட்டம் கரைந்துவிட்டது. 1930களில் நியூயார்க்கில் கோஷர் டெலிகள் ஆயிரத்தைந்நூறுக்கு மேல் இருந்தன. இன்று விரல்விட்டு எண்ணத் தொடங்கலாம், சீக்கிரம் முடிந்துவிடும்.

அடுத்தது இறைச்சி. அமெரிக்காவில் கோஷர் கடைக்கு மாட்டின் பின்பாதி பொதுவாக வராது; விலக்கப்பட்ட நரம்பையும் கொழுப்பையும் எடுப்பது அத்தனை வேலை. அதனால் முன்பாதியில் நெஞ்சும் அடிவயிறும். ஒரு காலத்தில் யாரும் சீண்டாத மலிவுத் துண்டுகள். உப்புநீரில் நாள்கணக்கில் ஊறவைத்து, மிளகும் கொத்தமல்லியும் பூசி, புகையில் வாட்டி, அப்புறம் ஆவியில் வேகவைத்தால் பாஸ்ட்ராமி. ஆனால் வாங்கிய எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஆவியாகவும் கொழுப்பாகவும் போய்விடும். இப்போது நெஞ்சுத் துண்டை டெக்சாஸ் பார்பெக்யூக்காரர்கள் போட்டி போட்டு வாங்குகிறார்கள். வயிற்றுப் பகுதி ஜப்பானுக்குக் கப்பலேறுகிறது, அங்கே சோற்றின் மேல் போடுகிறார்கள். ஏழைத் துண்டு பணக்காரத் துண்டாகிவிட்டது. வாடிக்கையாளர் மனதில் மட்டும் அது இன்னும் தாத்தா காலத்து விலை.

நான் பார்த்த ஏடுகளில் ஒரே கதைதான். பண்டிகை வாரத்தில் வாசல் வரை வரிசை. பிப்ரவரி செவ்வாய்க்கிழமை மதியம் கல்லாவில் ஒன்றுமில்லை. வருஷத்துக்கு ஒருமுறை வந்து கண்கலங்குபவர்தான் கடை மூடும்போது அதிகம் புலம்புவார். எனக்கு அவர்கள்மேல் கொஞ்சம் கோபமே உண்டு.

சைக்கிள்_சேகர்:
பைக் லேன்மேல் பழி போடுவது அநியாயம் சார். அந்தக் கடை இருந்த குயின்ஸ் பூல்வார்டுக்கு 'மரணச் சாலை' என்று பட்டப்பெயர் இருந்தது. அத்தனை பேர் அடிபட்டுச் செத்தார்கள். ஒரு சாண்ட்விச்சுக்காக அப்படியே விட்டிருக்க வேண்டுமா?

பேரேட்டுக்காரன்:
வேண்டாம் தம்பி, லேன் வந்தது நல்லதே. ஆனால் பார்க்கிங் போனது வியாபாரத்தைப் பாதித்தது என்று கடைக்காரரே பத்திரிகைகளிடம் சொன்னார். அதில் எனக்குச் சந்தேகமில்லை. தெருவில் குடியிருப்பவன் நடந்து வருவான். லாங் ஐலண்டுக்குப் போய்விட்டவன் காரில்தான் வருவான். நடந்து வந்தவர்கள் ஏற்கெனவே போய்விட்டதால்தான் பார்க்கிங் உயிர்ப்பிரச்சினை ஆனது.

வாடகைக்கும் ஒரு வார்த்தை. மன்ஹாட்டனில் செகண்ட் அவென்யூ டெலி 1954இலிருந்து இருந்த இடத்தை 2006இல் வாடகைத் தகராறில் விட்டது. அந்த இடத்தில் வங்கிக் கிளை வந்தது. டெலி 2007 கடைசியில் 33வது தெருவில் மறுபடி திறந்தது. ஸ்டேஜ் டெலி 2012இல் போனது. கார்னகி டெலி 2016 டிசம்பர் 31இல். அதற்கு வாடகைப் பிரச்சினை இல்லை, கட்டடம் உரிமையாளருடையது. அவருக்கு அலுத்துவிட்டது, அவ்வளவுதான். விடிகாலையில் தொடங்கி நள்ளிரவில் முடியும் வேலை. எந்தக் கடைக்காரரின் மகளும் வக்கீலான பிறகு எதற்கு வந்து இறைச்சி வெட்ட வேண்டும்? இந்தக் காரணத்தை மட்டும் யாரும் செய்தியில் பெரிதாகப் போட மாட்டார்கள்.

மீனா_பேசைட்:
சைவக்காரி இடைமறிக்கிறேன். எனக்கு அங்கே ஏதாவது உண்டா? ஒருமுறை ஒரு டெலியில் காபிக்குப் பால் கேட்டு முறைப்பு வாங்கினேன்.

பேரேட்டுக்காரன்:
கோஷரில் இறைச்சியும் பாலும் சேரக் கூடாது; இறைச்சிக் கடையில் பால் கேட்டால் முறைக்கத்தான் செய்வார்கள், மேடம்! உருளைக்கிழங்கு க்னிஷ் கேளுங்கள், நம் போண்டாவுக்குத் தூரத்துச் சொந்தம். ஆனால் கோழிக் கொழுப்பு சேர்த்ததா என்று விசாரித்துவிட்டு வாங்குங்கள். கூடவே பாதி புளித்த வெள்ளரி ஊறுகாய், செலரி விதை வாசம் அடிக்கும் டாக்டர் பிரவுன்ஸ் சோடா.

குயின்ஸ்_புதுசு:
நன்றி சார். இப்போது எங்கே போகலாம்?

பேரேட்டுக்காரன்:
பிராங்க்ஸ் ரிவர்டேலில் லீப்மன்ஸ் டெலி, 1953இலிருந்து. இல்லாவிட்டால் 33வது தெருவில் செகண்ட் அவென்யூ டெலி. மன்ஹாட்டனில் ஹூஸ்டன் தெருவின் காட்ஸ் டெலி கோஷர் இல்லை, கூட்டமும் அதிகம், சாண்ட்விச் 25 டாலரைத் தாண்டும். ஆனால் பாஸ்ட்ராமியைக் கையால் வெட்டித் தருகிறார்கள். எங்கே போனாலும் ரை ரொட்டியும் கடுகும் மட்டும் சொல்லுங்கள். மயோனைஸ் கேட்டு நம் மானத்தை வாங்காதீர்கள்.