ரேஸ்ல நடந்து, இன்னும் மனசை விட்டுப் போகாத ஒண்ணு

மெதுவோட்டம்
நேரா விஷயத்துக்கு வர்றேன். ஃபுல் மாரத்தான், 33-வது கிலோமீட்டர். நானும் நண்பனும் அஞ்சரை மணி நேரக் கணக்குல ஓடிட்டிருந்தோம். அவனுக்குத் தலைவலி, குமட்டல். "தண்ணி பத்தலடா"ன்னு அடுத்த ரெண்டு ஸ்டாப்லயும் நானே கப்பை எடுத்து நீட்டினேன். வேண்டாம்னான். அதட்டிக் குடிக்க வச்சேன்.

அப்போ அவன் மோதிரத்தைத் திருகிக்கிட்டே இருந்தான். காலையில ஸ்டார்ட்ல நிக்கும்போது விரல்ல லூசா சுத்தின மோதிரம் அது. இப்போ ரெண்டு பக்கமும் சதை பிதுங்கி, மோதிரம் உள்ள புதைஞ்சு கிடந்துச்சு. பார்த்தேன். பார்த்துட்டு, கையைத் தொங்கப் போட்டு ஓடினதால வந்த வீக்கம்னு விட்டுட்டேன். 36-ல என்னைப் பார்த்து "இன்னும் ஸ்டார்ட் பண்ணலையா?"ன்னு கேட்டான்.

மெடிக்கல் டென்ட்ல ரத்தம் எடுத்தாங்க. சோடியம், அதாவது ரத்தத்துல இருக்கிற உப்பு, 121. 135-க்குக் கீழ போனாலே குறைவு. தண்ணி அளவுக்கு மீறிப் போனா அது நீர்த்துப் போயிடும். டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "எவ்வளவு தண்ணி குடிச்சார்?" கெட்டியான உப்புக் கரைசலை ஏத்தின பிறகுதான் என் பேரைச் சொன்னான். இப்போ நல்லா இருக்கான், ஓடுறான். என்னை ஒரு வார்த்தை குறை சொன்னதில்ல. எனக்குத்தான் அந்த விரல் கண்ணை விட்டுப் போகல.

வெயில்காலம்
தம்பி, உங்க வருத்தம் புரியுது. ஆனா இதைப் படிச்சுட்டு நாலு பேர் தண்ணியையே விட்டுடுவாங்க, அதான் பயம். எனக்கு நடந்தது நேர் எதிர். ஹாஃப் மாரத்தான், கடைசி கிலோமீட்டர், ஹீட் ஸ்ட்ரோக். வியர்வை நின்னுபோகும்னு சொல்வாங்க, எனக்கு நிக்கவே இல்ல, சட்டை பிழியப் பிழிய ஊத்துச்சு. ஐஸ் தண்ணித் தொட்டியில கழுத்து வரைக்கும் என்னை அமுக்கிட்டு ஒரு பொண்ணு பேரைக் கேட்டுட்டே இருந்துச்சு. நான் திரும்பத் திரும்ப சட்டையில குத்தியிருந்த ரேஸ் நம்பரைச் சொன்னேன். பேர் வரல. உடம்புச் சூடு 41. நான் போதுமான தண்ணி குடிச்சிருந்தா இது வந்திருக்காது. உங்க நண்பர் அப்படி எத்தனை லிட்டர்தான் குடிச்சார்?

மூணு விளையாட்டு
வெயில்காலம் அண்ணா, ரெண்டையும் ஒண்ணாக் குழப்பாதீங்க. ஹீட் ஸ்ட்ரோக் உடம்பு உண்டாக்கின சூடு வெளிய போகாம தேங்குறதால வர்றது. நல்லாத் தண்ணி குடிச்சவங்களுக்கும் வந்திருக்கு, வேகமும் வெயிலும் சேர்ந்தா போதும். 2002 பாஸ்டன் மாரத்தான்ல 488 பேர் ரத்தத்தைப் பார்த்ததுல 13 சதவீதம் பேருக்கு சோடியம் குறைஞ்சிருந்துச்சு. ஓடி முடிச்சப்ப எடை கூடியிருந்தவங்களும், நாலு மணி நேரத்துக்கு மேல ஓடினவங்களும்தான் அதிகம் மாட்டினாங்க. ஸ்போர்ட்ஸ் டிரிங்க் குடிச்சாலும் தப்பிக்க முடியாது, ரத்தத்துல இருக்கிற அளவு சோடியம் அதுல கிடையாது. தாகத்துக்குக் குடிங்க, அவ்வளவுதான்.

என் கதை சின்னது. ஜுரம் விட்ட மூணாம் நாள் இன்டர்வல், அதாவது வேகமாவும் மெதுவாவும் மாத்தி மாத்தி, ஓடினேன். இதயத் தசையில அழற்சி. ஆறு மாசம் வேகமா நடக்கக்கூடாதுன்னுட்டாங்க.

அதனால சொல்றேன். காலையில படுக்கையை விட்டு எழுறதுக்கு முன்னாடி நாடியை எண்ணுங்க. எனக்கு எப்பவும் 51, அந்த வாரம் 64. நோட்ல எழுதியும் வச்சிருந்தேன், எழுதிட்டு ஷூவை மாட்டினேன். வழக்கத்தை விட எட்டு, பத்து கூடி ரெண்டு நாள் நின்னா அன்னைக்கு வொர்க்கவுட் வேண்டாம். தொண்டை வலி மட்டும்னா மெதுவா ஓடலாம். ஜுரம், உடம்பு வலி, நெஞ்சுல ஏதாவதுன்னா கூடவே கூடாது. ரேஸ் அன்னைக்கு இபுப்ரோஃபென் போடாதீங்க. தண்ணி வத்தின உடம்புல அது கிட்னிக்குப் போற ரத்தத்தைக் குறைக்கும், சோடியம் குறையவும் வழி பண்ணும். சோர்வு விடாம இருந்தா ஹீமோகுளோபினோட நிக்காம, உடம்புல இரும்புச் சத்து எவ்வளவு சேமிப்புல இருக்குன்னு காட்டுற ஃபெரிட்டினும் பாருங்க. தூக்கத்தைக் குறைச்சு மைலேஜ் ஏத்தாதீங்க. லாங் ரன் முடிஞ்ச உடனே சாப்பிடுங்க...

ஒரு விரல் அகலம்
அண்ணா, நல்ல விஷயம்தான், ஆனா இங்க யாரும் பிளான் கேக்கல.

என்னோடது கால். கணைக்கால் எலும்புல ஒரே இடம், ஒரு விரல் வச்சு மூடிடலாம். ஓடுறவங்களுக்கு வழக்கமா வர்ற ஷின் ஸ்ப்ளின்ட் வலின்னா எலும்போரமா நீளமா வலிக்கும், இது அந்தப் புள்ளியில மட்டும். எக்ஸ்ரே சுத்தம். எம்ஆர்ஐல ஸ்ட்ரெஸ் ஃபிராக்சர், எலும்புல மயிரிழை விரிசல். ஸ்கேன் பார்த்த டாக்டரம்மா காலைத் தொடவே இல்ல. "கடைசியா பீரியட்ஸ் எப்போ?"ன்னு கேட்டாங்க. அஞ்சு மாசம் ஆச்சுன்னு சொல்லும்போதுதான் எனக்கே உறைச்சுது. அந்த அஞ்சு மாசமும் என் டைமிங் குறைஞ்சுட்டே வந்துச்சு, எடையும்தான். கோச் எல்லார் முன்னாடியும் "எவ்வளவு லைட்டா ஓடுறா பாருங்க"ன்னு கை தட்டினார். நான் சந்தோஷப்பட்டேன். சாப்பாடு பத்தாம ஹார்மோன் சுருங்கி எலும்பு வரைக்கும் போறதுக்கு ஒலிம்பிக் கமிட்டி 2014-லயே ரெட்-எஸ்னு பேர் வச்சிருக்கு. எந்த டிரெயினிங்லயும் ஒருத்தர்கூட என்கிட்ட அதைச் சொன்னதில்ல. அந்தக் கைதட்டல்தான் இன்னும் கேக்குது.

மெதுவோட்டம்
அக்கா, அந்தக் கேள்வியை உங்க கோச் அஞ்சு மாசம் முன்னாடியே கேட்டிருக்கணும்.

வெயில்காலம் அண்ணா, லிட்டர் தெரியாது. ஸ்டாப் கணக்குத் தெரியும். ஒண்ணுகூட விடாம ஒவ்வொண்ணுலயும் ரெண்டு கப். கடைசி நாலு கப் என் கையால. மோதிரத்தை டென்ட்லயே வெட்டித்தான் எடுத்தாங்க.