நம்ம குடும்பம் குழு: மிலான் ரயிலும் மணி மாமாவும்

கார்த்தி: [படம்]

கார்த்தி: மிலான் ஸ்டேஷன்ல நிக்கிறேன். இந்தச் சிவப்பு ரயில் மணிக்கு 300 கிலோமீட்டர்ல போகுமாம். பக்கவாட்டுல பியேத்ரோ மென்னேயான்னு ஒரு பேர் இருக்கு. ரயில்வே மந்திரியா இருப்பாரோ?

அருண்: நம்ம ஊரா இருந்தா கண்டிப்பா மந்திரிதான் மச்சான்

மணி மாமா: மந்திரியாவது ஒண்ணாவது. ஓட்டக்காரர்டா அவர். 200 மீட்டர் உலக சாதனையைக் கிட்டத்தட்ட 17 வருஷம் கையில வச்சிருந்த ஆளு

நிவேதா: மாமா ஆன்லைன் வந்துட்டார். போச்சு

மணி மாமா: அந்த வகை ரயில்ல முதல் வண்டிக்கு அவர் பேரைத்தான் வச்சாங்க. 2013 மார்ச்ல இறந்தார், 60 வயசுதான்

அம்மா: ஐயோ பாவம். எந்த ஊர்க்காரர் மணி?

மணி மாமா: தெற்கு இத்தாலி அக்கா. பர்லெத்தான்னு கடலோர ஊர். அப்பா தையல்காரர். ஆளும் ஒல்லி. பார்த்தா ஓட்டக்காரர்னே சொல்ல மாட்டீங்க. சின்ன வயசுல தெருவுல கார்களோட 50 மீட்டர் பந்தயம் கட்டி ஓடுவார்னு சொல்வாங்க. ஜெயிச்சா 500 லிரா, சினிமா பார்க்கவோ சாண்ட்விச் வாங்கவோ

அம்மா: காரோடயா? சும்மா அளக்காத

மணி மாமா: 50 மீட்டர்தானே அக்கா. வண்டி வேகம் பிடிக்கிறதுக்குள்ள இவர் முடிச்சிருப்பார்

அருண்: அப்பா, மென்னேயாவுக்கு ஸ்டார்ட்டே வராதுன்னு போன தடவை நீங்கதானே சொன்னீங்க?

மணி மாமா: சோவியத் ஓட்டக்காரர் போர்சோவ் பக்கத்துல நின்னா யாருக்குடா ஸ்டார்ட் வரும்? அதைச் சொன்னேன். மியூனிக் ஒலிம்பிக் 1972, 200 மீட்டர், போர்சோவ் தங்கம், இவர் வெண்கலம். வயசு 20. ரெண்டு வருஷம் கழிச்சு ரோம்ல ஐரோப்பியப் போட்டி, சொந்த நாட்டுக் கூட்டம் முன்னாடி 100ல மறுபடியும் போர்சோவ்கிட்ட தோத்தார். 200 தங்கம் மட்டும் இவருக்கு

மணி மாமா: 1976 மாண்ட்ரியல்ல நாலாவது. இதுக்கப்புறம் பலபேர் ஸ்பைக்ஸைக் கழட்டிருப்பாங்க

கார்த்தி: இவர்?

மணி மாமா: இவர் கோச் விட்டோரியோட ஃபோர்மியா பயிற்சி மையத்துலயே கிடந்தார். தினம் அஞ்சாறு மணி நேரம். பண்டிகை, லீவு ஒண்ணும் கிடையாது. ஸ்பிரிண்டர்னா பிறவியிலயே வேகம் இருக்கணும்னு சொல்றவங்களுக்கு நான் இவரைத்தான் காட்டுவேன். 1978 பிராக்ல 100, 200 ரெண்டுலயும் ஐரோப்பியத் தங்கம்

சரசு அத்தை: இதையெல்லாம் என்கிட்ட சொன்னதே இல்ல. மளிகை லிஸ்ட் மட்டும் மறந்துடும்

அருண்: உலக சாதனை எப்போ?

மணி மாமா: 12 செப்டம்பர் 1979, மெக்சிகோ சிட்டி. பல்கலைக்கழக மாணவர்களுக்கான போட்டி. அரசியல் அறிவியல் படிச்சிட்டிருந்தார், அதனால போக முடிஞ்சுது. 200 மீட்டர் 19.72 நொடி

அருண்: மெக்சிகோவா?? 2,200 மீட்டர் உயரம்ப்பா. காத்து அடர்த்தி கம்மி, யார் ஓடினாலும் டைம் குறையும். அதெல்லாம் பாதிக் கணக்குதான்

மணி மாமா: இதைத்தான் எதிர்பார்த்தேன். அதுக்கு முந்தின சாதனை யாரோடது? டாமி ஸ்மித், 19.83, 1968. அவர் எங்க ஓடினார்? அதே மெக்சிகோ சிட்டி. பரிசு மேடையில கறுப்புக் கையுறை போட்ட முஷ்டியை உயர்த்தினாரே, அதே ஒலிம்பிக். உயரம் ரெண்டு பேருக்கும் ஒண்ணுதானே?

கார்த்தி: செம பாயிண்ட் மாமா

மணி மாமா: இன்னும் இருக்கு. 1980 ஆகஸ்ட்ல சொந்த ஊர் பர்லெத்தாவுலயே 19.96 ஓடினார். கடல் மட்டம். அதுக்கு என்ன சொல்றான்னு கேளு

நிவேதா: அருண் டைப் பண்ணிட்டு டைப் பண்ணிட்டு அழிக்கிறான்

மணி மாமா: 19.72ஐ 1996 ஜூன்ல அட்லாண்டாவுல மைக்கேல் ஜான்சன் உடைச்சார், 19.66. ஆனா ஐரோப்பாவுல இன்னும் யாரும் உடைக்கல. 2023ல பிரிட்டனோட ஹியூஸ் 19.73 ஓடினார். நூறுல ஒரு பங்கு நொடி, அவ்வளவுதான்

அருண்: சரி, 1980 மாஸ்கோ ஒலிம்பிக்ல அவர் எடுத்த 200 தங்கம்? அமெரிக்கா வரவே இல்லையேப்பா

மணி மாமா: அது நியாயமான கேள்வி. அமெரிக்கா புறக்கணிச்சது, அந்தக் குறை அந்தத் தங்கத்துல இருக்கத்தான் செய்யுது. இத்தாலி வீரர்களே சொந்தக் கொடி இல்லாம ஒலிம்பிக் கொடியிலதான் போனாங்க. ஆனா எதிர்ல நின்னது யாரு? 100ல தங்கம் எடுத்த ஆலன் வெல்ஸ், 1976 சாம்பியன் டான் குவாரி. மென்னேயாவோ 100ல அரையிறுதியோட வெளியே

மணி மாமா: அப்படிப்பட்ட ஆளுக்கு 200 ஃபைனல்ல எட்டாவது லேன். வெல்ஸ் ஏழுல. வெளி லேன்ல யாரையும் பார்க்க முடியாது, பின்னாடி இருந்து வர்றவன் மூச்சுதான் கேட்கும். வெல்ஸ் வளைவுலயே இவரைத் தாண்டிட்டார். நேர் பாதைக்கு வரும்போது ஆட்டம் முடிஞ்சதுன்னு நினைக்கிற மாதிரி இடைவெளி. அங்கிருந்து ஒவ்வொரு எட்டா எட்டிப் பிடிச்சார். 20.19, வெல்ஸ் 20.21

கார்த்தி: நூறுல ரெண்டு பங்கு நொடி!

மணி மாமா: முடிச்சதும் ஒரு விரலை மேல தூக்கிட்டே ஓடுவார். வீடியோ இருக்கு, எல்லாரும் பாருங்க. குறிப்பா அருண்

அம்மா: அதோட நிறுத்திட்டாரா மணி?

மணி மாமா: எங்க நிறுத்தினார்! போறேன்னு சொல்லிட்டுத் திரும்பி வந்தார். 1983 உலகப் போட்டியில 200ல வெண்கலம். 1984 லாஸ் ஏஞ்சலஸ்ல ஏழாவதுதான், ஆனா தொடர்ச்சியா நாலு ஒலிம்பிக் 200 ஃபைனல் ஓடின முதல் ஆள். 1988 சியோல்ல 36 வயசுல இத்தாலிக் கொடியைத் தூக்கிட்டுப் போனார். நாலு டிகிரி வாங்கி வக்கீலானார், ஐரோப்பிய நாடாளுமன்றத்துலயும் இருந்தார்

சரசு அத்தை: நாலு டிகிரியா? அருணுக்கு ஒரு அரியரே தாண்டல

அருண்: அம்மா குரூப்ல வேண்டாமே

அருண்: வீடியோ பார்த்தேன். கடைசி 50 மீட்டர் நிஜமாவே மிரட்டல். ஆனாலும் இத்தாலியோட பெஸ்ட் ஓட்டக்காரர்னா என் ஓட்டு இந்தக் காலத்து ஜேக்கப்ஸுக்குத்தான். டோக்கியோவுல 100ல 9.80, அமெரிக்காவும் இருந்த ஒலிம்பிக். ரிலேல இன்னொரு தங்கம்

நிவேதா: ஜேக்கப்ஸ் முதல்ல லாங் ஜம்ப்தானே பண்ணிட்டிருந்தார்? அவரும் வழி மாறி வந்தவர்தான்

மணி மாமா: 100க்கு ஜேக்கப்ஸ்தான், யார் இல்லன்னது? ஆனா மென்னேயா 1979ல ஓடின 10.01ஐ இத்தாலியில அடுத்த ஆள் தாண்டினது 2018ல. டோர்ட்டு, மாட்ரிட்ல, 9.99. ஜேக்கப்ஸ் அதுக்கும் பின்னாடிதான் வந்தார்

அருண்: 39 வருஷமா??

கார்த்தி: ரயில் கிளம்புது, ஏறிட்டேன். மாமா, 1960 ரோம்ல கூலிங் கிளாஸ் போட்டுட்டு 200 தங்கம் அடிச்ச இத்தாலிக்காரர் யாருன்னு பக்கத்து சீட்டுப் பெரியவர் கேட்கிறார். டெஸ்ட் வைக்கிறார் போல

மணி மாமா: லிவியோ பெர்ருட்டி, 20.5. சொல்லிட்டு, அவர் நேர்ல பார்த்தாரான்னு கேளு