செவ்வாய்க்கிழமை வரை கடை திறக்காதாம், ஜெர்மனியில் யாராவது இருக்கிறீர்களா? அவசரம்

மடிப்பாக்கம் மளிகை, சனி இரவு 11.52

வணக்கம். என் மகள்தான் என்னை இந்தக் குழுவில் சேர்த்துவிட்டாள். இதுவரை படித்ததோடு சரி, எழுதியதில்லை. தப்பிருந்தால் மன்னிக்கவும். மகள் ஜெர்மனிக்குப் போய் இன்றோடு 11 நாள். மாப்பிள்ளை ஆபீஸ் வேலையாக வேறு ஊருக்குப் போயிருக்கிறார், திங்கள் ராத்திரிதான் வருவார். இப்போது போன் வந்தது. ஒரே அழுகை. கடை வாசலுக்குப் போய்ச் சேரவும் அவர்கள் கதவைப் பூட்டவும் சரியாக இருந்ததாம். நாளைக்கு ஞாயிறு, நாளன்றைக்கு ஈஸ்டர் திங்கள், இனிமேல் செவ்வாய் காலைதான் என்று கையை விரித்துவிட்டார்களாம். நான் மடிப்பாக்கத்தில் 31 வருஷம் மளிகைக் கடை வைத்திருந்தவன். ஊரே சேர்ந்து இரண்டு நாள் கடையை மூடும் என்று கேள்விப்பட்டதே இல்லை. இப்படியெல்லாமா சட்டம் போடுவார்கள்? என்ன செய்யலாம், உடனே சொல்லுங்கள்.

கொரட்டூர் டு பெர்லின், 11.57

ஐயா, பதறாதீர்கள். ஜெர்மனியில் இப்போது மணி எட்டரைகூட ஆகவில்லை. பெரிய சூப்பர் மார்க்கெட் பத்து மணி வரை இருக்கும். கிளம்பச் சொல்லுங்கள். ஆறு வருஷமாக நான் சனிக்கிழமை ஒன்பதரைக்குத்தான் காய்கறியே வாங்குகிறேன்.

நெக்கர் கரை, ஞாயிறு 12.04

ஐயா, உங்கள் மகள் பரவாயில்லை. என் கதையைக் கேளுங்கள். நான் ஸ்டுட்கார்ட் வந்து இறங்கியது 2016 டிசம்பர் 24, சனிக்கிழமை. அன்றைக்கு மதியம் இரண்டு மணிக்கே கடை மூடிவிடும் என்று ஒருவரும் சொல்லவில்லை. மறுநாள் ஞாயிறு, கிறிஸ்துமஸ். திங்களும் கிறிஸ்துமஸ் விடுமுறை, இங்கே அதற்கு இரண்டு நாள். அறையில் அடுப்பு இருந்தது, அரிசி இல்லை. பெட்டியில் அம்மா கட்டிக் கொடுத்த புளிக்காய்ச்சல் ஒரு பாட்டில், பருப்புப்பொடி ஒரு பொட்டலம். பெட்ரோல் பங்க் வரை பனியில் நடந்து போய், கறுப்பாகச் செங்கல் மாதிரி ஒரு ரொட்டி வாங்கி வந்தேன். அதில் புளிக்காய்ச்சலைத் தடவித்தான் மூன்று வேளையும். இரண்டாம் நாள் பருப்புப்பொடியைத் தண்ணீரில் கரைத்துக் குடித்தேன். வயிறு என்ன ஆகியிருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். இன்றைக்கும் புளியோதரை என்றால் எனக்கு அந்த ரொட்டி வாசனைதான் வருகிறது. பழகிவிடும் ஐயா.

மடிப்பாக்கம் மளிகை, 12.08

தம்பி, கடை மூடிவிட்டது என்றுதானே எழுதியிருக்கிறேன். எட்டு மணிக்கே பூட்டிவிட்டார்கள்.

முன்னாள் தி.நகர், 12.11

எட்டு மணிக்கே என்றால் பெரும்பாலும் பவேரியா மாநிலமாக இருக்கும். பெர்லின் தம்பி, உங்கள் ஊர்ச் சட்டம் வேறு. 2006-இல் கடை நேரம் மாநிலங்கள் கைக்குப் போனது. பெர்லின் திங்கள் முதல் சனி வரை கட்டுப்பாட்டையே எடுத்துவிட்டது, பவேரியா எட்டு மணியை விடவே இல்லை. 2025-இல் தனிச் சட்டம் போட்டபோதும் அதே எட்டு. ஐயா, எந்த ஊர் என்று சொல்லுங்கள்.

ஜெர்சி மாமா, 12.15

இதெல்லாம் ஐரோப்பாவில்தான் என்று நினைக்காதீர்கள். அமெரிக்காவிலேயே நியூஜெர்சியில் பெர்கன் கவுண்டி என்று ஒன்று, நம் ஊர் மாவட்டம் மாதிரி, இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை துணிமணி, மேஜை நாற்காலி, எலக்ட்ரானிக்ஸ் விற்கக்கூடாது. மளிகை, மருந்து வாங்கலாம். பரமஸ் ஊரில் அத்தனை பெரிய மால் காலியாகக் கிடக்கும். நான் வந்த புதிதில் ஜனவரி மாசம், மனைவிக்கு ஸ்வெட்டர் வாங்க இரண்டு பஸ் மாறிப் போய், கார் இல்லாத பார்க்கிங்கைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தேன்.

ஈஸ்ட்ஹாம் வாசி, 12.19

இங்கிலாந்தில் 1994 சட்டம். 280 சதுர மீட்டருக்கு மேற்பட்ட கடை ஞாயிறன்று ஆறு மணி நேரம்தான் திறக்கலாம், அதுவும் காலை பத்திலிருந்து மாலை ஆறுக்குள். ஈஸ்டர் ஞாயிறு முழுக்க மூடல். ஆனால் சின்னக் கடைக்குக் கட்டுப்பாடே கிடையாது. எங்கள் தெருவில் நம் ஆட்கள் கடை நாலு இருக்கிறது, எந்த ஈஸ்டருக்கும் முருங்கைக்காய் கிடைக்கும். ஐயா, மகளை இங்கே வரச் சொல்லியிருக்கலாம்.

கொரட்டூர் டு பெர்லின், 12.23

கடைக்காரர் திறக்கத் தயார், வாங்குகிறவர் தயார், நடுவில் சட்டத்துக்கு என்ன வேலை? எல்லாம் சர்ச் வைத்ததுதான். பெர்லினில் கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாலு ஞாயிறும் கடை திறக்கலாம் என்று வைத்திருந்தார்கள். கத்தோலிக்க, புராட்டஸ்டண்ட் சர்ச் இரண்டும் வழக்குப் போட்டு, 2009 டிசம்பர் 1 அன்று அரசியல் சாசன நீதிமன்றத்தில் அதை உடைத்தார்கள். ஞாயிறு ஓய்வுக்கும் மன உயர்வுக்கும் உரிய நாள் என்று 1919-இல் எழுதியதை இன்றைய சாசனத்திலும் அப்படியே வைத்திருக்கிறார்கள். என் மன உயர்வுக்கு ஞாயிற்றுக்கிழமை கொத்தமல்லி வேண்டும்.

முன்னாள் தி.நகர், 12.31

தம்பி, நானும் கொஞ்சம் பேசுகிறேன். கல்யாணத்துக்கு முன் ரங்கநாதன் தெருப் பக்கம் ஒரு துணிக்கடையில் மூன்று வருஷம் சேலைப் பிரிவில் நின்றேன். நின்றேன் என்றால் நிஜமாகவே நின்றதுதான். உட்கார ஸ்டூல் கிடையாது. காலை ஒன்பதரையிலிருந்து ராத்திரி பத்து வரை. ஞாயிறு என்றால் மாம்பலம் ஸ்டேஷனிலிருந்து கூட்டம் அப்படியே கடைக்குள் இறங்கும். லீவு என்பது வேறு ஏதோ ஒரு செவ்வாய், புதன். வீட்டில் எல்லோரும் இருக்கிற நாளில் நான் இருந்ததே இல்லை. தமிழ்நாட்டில் கடை ஊழியர் உட்கார இருக்கை வேண்டும் என்று சட்டம் திருத்தியது 2021-இல். அதற்கு இரண்டு வருஷம் முன்னாலேயே, 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற கடை 24 மணி நேரமும் திறக்கலாம் என்று உத்தரவு வந்துவிட்டது. எது முதலில் வந்தது பாருங்கள்.

இப்போது நியூரம்பெர்க்கில் சூப்பர் மார்க்கெட் கல்லாவில் இருக்கிறேன். உட்கார்ந்துதான். எங்கள் கடைக் கதவை எட்டு மணிக்கு நானே பூட்டுவேன். வெளியே நின்று கண்ணாடியைத் தட்டுகிறவரைப் பார்த்தால் பாவமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் பூட்டுவேன். இன்னொன்று: பவேரியாவின் புதுச் சட்டப்படி 150 சதுர மீட்டர் வரையுள்ள, ஆளே இல்லாத தானியங்கிக் கடை ஞாயிறன்றும் திறக்கலாம். சர்ச்சுக்காக மட்டும் மூடுகிறார்கள் என்றால் அதை ஏன் விட்டார்கள்? வேலை செய்கிற ஆளுக்கு லீவு, அவ்வளவுதான் விஷயம்.

கொரட்டூர் டு பெர்லின், 12.35

அக்கா, ஆள் மாற்றி ஆள் லீவு கொடுத்தால் போதாதா? ஆஸ்பத்திரி, பஸ், ஹோட்டல் எல்லாம் ஞாயிறன்று ஓடவில்லையா?

முன்னாள் தி.நகர், 12.37

அந்த "ஆள் மாற்றி ஆள்" எப்படி நடக்கும் என்று சேலைப் பிரிவில் மூன்று வருஷம் பார்த்தவள் நான்.

நெக்கர் கரை, 12.40

கடையை விடுங்கள். ஞாயிற்றுக்கிழமை சுவரில் ஒரு ஆணி அடிக்க முடிகிறதா? காலி பாட்டிலைத் தொட்டியில் போடப் போனால், சத்தம் வரும், நாளைக்கு வா என்கிறார் எதிர்வீட்டுப் பாட்டி. நான் இட்லிக்கு மாவு அரைக்க கிரைண்டரைப் போட்டு ஐந்தாவது நிமிஷம் கீழ்வீட்டுக்காரர் மணியடித்தார். உள்ளே கூப்பிட்டுக் கிரைண்டரைக் காட்டினேன். குழவி சுற்றுவதைப் பத்து நிமிஷம் பார்த்துவிட்டு, சனிக்கிழமை அரைத்துக்கொள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஜெர்சி மாமா, 12.43

குளிர்காலத்தில் மாவு புளிக்க என்ன செய்கிறீர்கள்? நாங்கள் ஓவனுக்குள் வைத்து லைட்டைப் போட்டுவிடுவோம்.

நைட் ஷிப்ட், 12.46

மாவை அப்புறம் பார்க்கலாம். நான் ஜெர்மனியில் நர்ஸ், இப்போதுதான் பிரேக்கில் போனைத் திறந்தேன். இத்தனை பதில் வந்திருக்கிறது, அந்தப் பெண் என்ன வாங்கப் போனாள் என்று ஒருவரும் கேட்கவில்லை. ஐயா, எந்த ஊர்? வீட்டில் என்ன இல்லை? கூட யார் இருக்கிறார்கள்?

மடிப்பாக்கம் மளிகை, 12.49

மியூனிக் அம்மா. பேரன் இருக்கிறான், ஐந்து மாசம். பால் பவுடர்தான் தீர்ந்துவிட்டது. இங்கிருந்து இரண்டு டப்பா கொண்டு போனாள், ஒன்று பெட்டியிலேயே உடைந்து கொட்டிவிட்டது. இன்னும் ஒரு வேளைக்குத்தான் வருமாம். நான் எழுதவில்லையா?

கொரட்டூர் டு பெர்லின், 12.50

ஐயோ. எழுதவே இல்லை ஐயா.

நைட் ஷிப்ட், 12.55

சரி, பயப்பட ஒன்றும் இல்லை. கடைதான் மூடல், மருந்துக்கடை முறைவைத்துத் திறந்திருக்கும். ராத்திரி, ஞாயிறு, ஈஸ்டர் எதுவானாலும் ஒவ்வொரு பகுதியிலும் ஏதாவது ஒன்று அவசர முறையில் இருந்தே ஆக வேண்டும். அந்த நேரத்தில் அவர்கள் எதை விற்கலாம் என்று கடை மூடும் நேரச் சட்டத்திலேயே பட்டியல் இருக்கிறது. மருந்தோடு குழந்தை உணவும் அதில் பெயர் சொல்லி எழுதியிருக்கிறது.

மகளை ஜெர்மன் சிம் உள்ள போனிலிருந்து 22833 என்ற எண்ணுக்கு அடிக்கச் சொல்லுங்கள். பக்கத்தில் எந்த மருந்துக்கடை முறையில் இருக்கிறது என்று சொல்வார்கள். எண் கிடைக்கவில்லையென்றால் வீட்டுக்குப் பக்கத்தில் மூடியிருக்கிற எந்த மருந்துக்கடைக் கதவிலும் இன்றைய முறைக் கடையின் முகவரி ஒட்டியிருக்கும். கிளம்புமுன் அந்தக் கடைக்குப் போன் செய்து, ஐந்து மாசக் குழந்தைக்குப் பவுடர் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் போவது நல்லது. டப்பாவில் "ப்ரே" (Pre) என்று போட்டிருந்தால் பிறந்த நாளிலிருந்தே கொடுக்கலாம். ராத்திரிக்கும் லீவு நாளுக்கும் இரண்டரை யூரோ கூடுதலாக வாங்குவார்கள்.

இரண்டு விஷயம் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். இருக்கிற பவுடரை நீட்டித்துத் தண்ணீராகக் கலக்கக்கூடாது. பசும்பாலும் கொடுக்கக்கூடாது. குழந்தைக்கு உடம்பு சரியில்லை என்று தோன்றினால் டாக்டருக்கு 116117, ஆபத்து என்றால் ஆம்புலன்ஸுக்கு 112.

முன்னாள் தி.நகர், 12.58

மருந்துக்கடையில் இல்லாவிட்டால் விமான நிலையம். மியூனிக் விமான நிலையத்து சூப்பர் மார்க்கெட் ஞாயிறும் திறக்கும், பெரிய ரயில் நிலையங்களிலும் கடை இருக்கும். அவளுக்குச் சாப்பாடு ஒன்றும் இல்லையென்றால் நாளைக் காலையில் பேக்கரி சில மணி நேரம் திறக்கும், மதியத்துக்குள் போய்விடட்டும். பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டவும் கூச்சப்பட வேண்டாம். முட்டை, பால், பிரெட் எதுவானாலும் கொடுப்பார்கள். நான் நியூரம்பெர்க், ரயிலில் ஒரு மணி நேரம்தான். தேவையென்றால் காலையில் வந்துவிடுகிறேன், என் எண்ணைத் தனியாக அனுப்புகிறேன்.

மடிப்பாக்கம் மளிகை, ஞாயிறு அதிகாலை 2.14

கிடைத்துவிட்டது. டிராமில் நாலு ஸ்டாப். பேரனையும் தூக்கிக்கொண்டு போனாளாம். கடை இருட்டாக இருந்ததாம், மணியை அடித்ததும் ஒரு அம்மா வந்து, கதவைத் திறக்காமல் அதிலுள்ள சின்னச் சன்னலை மட்டும் திறந்து டப்பாவை நீட்டினாளாம். வீடியோவில் காட்டினாள். பையன் குடித்துவிட்டுத் தூங்குகிறான்.

எனக்குத் தூக்கம் வரவில்லை. என் கடையிலும் ராத்திரி பதினோரு மணிக்கு மேல் யாராவது ஷட்டரைத் தட்டினால் அரை அடி தூக்கிவிட்டுக் கொடுப்பேன். கொசுவத்தி, குரோசின், பால் பாக்கெட். இரண்டரை யூரோ எல்லாம் வாங்கியதில்லை. ஆனால் அந்தக் கடையில் ஞாயிறு என்று ஒன்று இருந்ததில்லை, பொங்கலுக்கு அரை நாள், அவ்வளவுதான். இதே மகள் ஸ்கூல் ஆண்டு விழாவில் ஆடிய ஆட்டத்தைப் பக்கத்துக் கடைக்காரர் பையன் போட்டோவில்தான் பார்த்தேன். தி.நகர் அம்மா எழுதியதைப் படித்தபோது, என் கடைப் பையன் ஊருக்குப் போக எத்தனை தடவை லீவு கேட்டான் என்று எண்ணிப் பார்த்தேன். சரி, அது கிடக்கட்டும்.

எல்லோருக்கும் நன்றி. அடுத்து எந்தெந்த நாள் மூடுவார்கள் என்று யாராவது எழுதினால் நல்லது.

முன்னாள் தி.நகர், 2.20

மே 1. ஈஸ்டரிலிருந்து ஆறாவது வாரம் ஒரு வியாழன். ஏழு வாரம் கழித்து ஒரு திங்கள், அது ஞாயிறோடு சேர்ந்து வரும், ஜாக்கிரதை. அப்புறம் பத்து நாளில் இன்னொரு வியாழன். மற்ற மாநிலத்தில் சிலது இருக்காது, பவேரியாவில் எல்லாம் உண்டு.

மடிப்பாக்கம் மளிகை, 2.26

காலண்டரில் சிவப்புப் பேனாவால் குறித்துவிட்டேன் அம்மா. முதல் நாளே போன் போட்டு டப்பா எத்தனை இருக்கிறது என்று கேட்டுவிடுவேன். சரக்கு தீருமுன் கணக்குப் பார்ப்பது எனக்குப் பழகிய வேலைதான்.