போலாரிமீட்டரில் மறக்க முடியாத ரீடிங்: உங்கள் அனுபவம்?

இருட்டறை எலி:
எம்.எஸ்சி. பிராக்டிக்கல். ஒரு கரைசல் ஒளியின் அதிர்வுத் தளத்தை எவ்வளவு திருப்புகிறது என்று போலாரிமீட்டரில் அளக்க வேண்டும். குளுக்கோஸ், சோடியம் விளக்கு, அரைநிழல் கருவி (பார்வை வட்டம் இரண்டு பாதியாகத் தெரியும், இரண்டும் ஒரே வெளிச்சமானதும் ரீடிங்), எல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். வட்டத்தின் இரண்டு பாதியும் ஒரே மங்கல் மஞ்சளாக வரும்வரை திருகிவிட்டு, தோழியிடம் "நீ ஒரு தடவை பாரேன்" என்றேன். அவள் கண் வைத்தபோது ஒரு பாதி இருண்டிருந்தது. திருகை யாரும் தொடவில்லை. மறுபடி சரிசெய்தோம், மறுபடி இருட்டு. மேடம் எட்டிப் பார்த்து, "மேசையை ஆட்டாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். நாங்கள் ஆட்டவே இல்லை! இன்னும் உறுத்துகிறது.

வெர்னியர்:
மியூட்டாரொட்டேஷன்தான் (கரைசலின் திருப்பம் தானாகவே மாறிக்கொண்டே போவது), வேறென்ன. பாட்டிலில் இருப்பது பெரும்பாலும் ஆல்ஃபா குளுக்கோஸ், அதன் நியமச் சுழற்சி (குறித்த செறிவிலும் குழாய் நீளத்திலும் ஒளியைத் திருப்பும் கோணம்; + வலம், − இடம்) +112. தண்ணீரில் போட்டதும் கொஞ்சம் கொஞ்சமாகப் பீட்டாவாக (+18.7) மாறத் தொடங்கும். இரண்டும் சமநிலைக்கு வந்தபின் +52.7-இல் நிற்கும். 1846-லேயே டுப்ரன்ஃபோ என்ற பிரெஞ்சு வேதியியலாளர் கவனித்த விஷயம், மேடத்துக்குத் தெரியாதா? ஒரு சொட்டு அம்மோனியா விட்டால் சீக்கிரம் நின்றுவிடும். என்னுடையது சுக்ரோஸ். அமிலம் சேர்த்தால் அது குளுக்கோஸாகவும் ஃபிரக்டோஸாகவும் உடையும்; அவ்வப்போது ரீடிங் எடுத்தோம். வலப்பக்கம் இருந்தது இறங்கி இறங்கி, பூஜ்யத்தைத் தாண்டி இடப்பக்கம் போனதே, அந்த நொடி சிலிர்த்துவிட்டது. ஃபிரக்டோஸ் −92 என்று படித்தது அன்றைக்குத்தான் உறைத்தது.

ஆலை நைட் ஷிஃப்ட்:
வெர்னியர் சொல்வது சரி, ஆனால் எல்லாவற்றுக்கும் மியூட்டாரொட்டேஷன் என்று முத்திரை குத்தாதீர்கள். குழாயின் மூடியை இறுக்கித் திருகினால் கண்ணாடி அழுத்தத்துக்கு உள்ளாகி ரீடிங்கையே மாற்றும். குமிழியைக் குழாயின் புடைப்புக்குள் தள்ள வேண்டும். வெறும் தண்ணீரில் பூஜ்யம் பார்க்க வேண்டும். வெப்பநிலையைக் குறிக்க வேண்டும். கண்ணைக் கொஞ்ச நேரம் இருட்டுக்குப் பழக்க வேண்டும். இதெல்லாம் செய்த பிறகு தத்துவம் பேசுவோம்.
சரி, என் சர்க்கரை ஆலைக் கதை. வெட்டி வெகுநாளான கரும்பு வந்தது. சாறு ஃபில்டர் பேப்பரில் இறங்கவே இல்லை, கோழை மாதிரி நூலாக இழுத்தது. சர்க்கரை குறைந்திருக்க வேண்டிய சாறு, போல் ரீடிங் (ஒளித் திருப்பத்தை வைத்துச் சொல்லும் சர்க்கரை அளவு) மட்டும் ஏறி நிற்கிறது. டெக்ஸ்ட்ரான் செய்த வேலை. கிருமி உண்டாக்கும் அந்தப் பிசின் சுக்ரோஸைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு வலப்பக்கம் திருப்பும். கருவி திருப்பத்தைத்தான் அளக்கிறது, சர்க்கரையை அல்ல.

இருட்டறை எலி:
மூடியை நான் இறுக்கவில்லை அண்ணே! இறுக்கியிருந்தாலும் முதல் ரீடிங்கே தப்பாக இருக்கும், பார்க்கப் பார்க்க எப்படி நகரும்?

வெர்னியர்:
எலி கேட்டது நியாயம். இன்னொன்று: +40-உம் −140-உம் அளவுகோலில் ஒரே இடம், 180 பாகை தள்ளினால் காட்சி மாறாது. கரைசலைப் பாதியாக நீர்த்துப் பாருங்கள். 20-க்கு வந்தால் வலம், 110-இல் (அதாவது −70-இல்) நின்றால் இடம்.