டிஜிட்டல் சாக்ஷரதாவுக்குத் தமிழ் என்ன? (வெள்ளிக்குள் வேண்டும்)

சித்தூர்க்காரன் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். கேரளத்துக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரு வாயனசாலையில் (நூலகம்தான்) அயல்கூட்டம் என்கிற மகளிர் குழுப் பெண்களுக்குப் போன் வகுப்பு எடுக்கிறோம். மலையாளக் கையேட்டைத் தமிழாக்கும் வேலை என் தலையில் விழுந்தது. வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். உள்பக்கமெல்லாம் முடித்துவிட்டு அட்டையில் வந்து நிற்கிறேன். போனும் இணையமும் பயன்படுத்தத் தெரிவதை மலையாளத்தில் 'டிஜிட்டல் சாக்ஷரதா' என்கிறார்கள்; அதற்குத் தமிழ் என்ன? 2025 ஆகஸ்ட் 21 அன்று, அது முழுமையாகக் கைவந்த மாநிலம் கேரளம் என்று முதலமைச்சர் பினராயி விஜயன் அறிவித்தார். வீடு வீடாகக் கணக்கெடுத்து, தெரியாதவர்கள் என்று கண்ட 21 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைத் தேடிப்பிடித்துச் சொல்லிக்கொடுத்தார்கள். தொழிலுறப்பு (நூறு நாள்) வேலை நடக்கும் இடத்துக்கே போய் வகுப்பு எடுத்த ஊர்களும் உண்டு. இவ்வளவு நடந்தும் எனக்கு அட்டைக்கு ஒரு சொல் கிடைக்கவில்லை.

செங்கோட்டையார் எழுதியது:

இதில் தேட என்ன இருக்கிறது? எண்ணிம எழுத்தறிவு. டகரம் தமிழில் மொழிக்கு முதலில் வாராது. அந்தப் பிழையோடு எழுத்தறிவுக் கையேடு போட்டால் சிரிப்பார்கள். 'எண்ணென்ப ஏனை எழுத்தென்ப' என்று வள்ளுவர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். ஒட்டுகிற வேலைதான் நமக்கு.

பாலக்காட்டான் எழுதியது:

ஐயா, எண் சரி. அந்த '-இமம்' எங்கிருந்து வந்தது? படிமம் மாதிரி என்று சொல்லிவிடாதீர்கள், அது பிரதிமாவின் பேத்தி என்று இன்னொரு கூட்டம் கிளம்பும். சிலர் சுருக்கி 'எண்ம' என்கிறார்கள், அது இன்னும் வம்பு. எண்குணத்தான் என்றால் எட்டுக் குணத்தான். கணினிக்குத் தெரிந்தது சுழியும் ஒன்றும்தான், எட்டை ஏன் இழுக்க வேண்டும்? சிங்கப்பூரில் அரசே 'மின்னிலக்கம்' என்று எழுதுகிறது. இலங்கையில் 'இலக்கமுறை' இருக்கிறது. இரண்டில் ஒன்றை எடுத்துக்கொண்டால் வேலை முடிந்தது.

செங்கோட்டையார் எழுதியது:

எண்ணுக்கு எட்டு மட்டுமா பொருள்? எண்மை என்றால் எளிமை. 548ஆம் குறளைப் பாருங்கள், 'எண்பதத்தான் ஓரா முறைசெய்யா மன்னவன்'. குடிகள் தடையில்லாமல் போய்க் காணும்படி அரசன் இருப்பது எண்பதம். அக்ஷயா என்ற அரசு இணையச் சேவை மையத்தில் வரிசையில் நிற்காமல் வீட்டிலிருந்தே அரசை அணுகுவது வேறென்ன? ஆக 'எண்ணிம' என்பதற்குள் கணக்கும் இருக்கிறது, எளிமையும் இருக்கிறது. 'இணைய எண்பதம்' என்றே ஒரு சொல் ஆக்கலாம். கேரள அரசின் கே-போன் இணையத் திட்டத்துக்கும் பொருந்தும்.

மூணாறு டீச்சர் எழுதியது:

'எண்பதம்' என்றால் என் வகுப்பில் 80 என்று எழுதிக்கொள்வார்கள், ஐயா. கே-போன் என்றதும் ஞாபகம் வருகிறது. ஒளியிழை வழியாக 20 லட்சம் ஏழைக் குடும்பங்களுக்கு இலவச இணைப்பு என்ற இலக்கோடு 2023 ஜூனில் தொடங்கினார்கள். எங்கள் லயத்து (தோட்டத் தொழிலாளர் குடியிருப்பு) பாட்டி ஒருவர் பெயரைக் கேட்டதும், "எப்ப டீச்சர் போன் குடுப்பாங்க?" என்றார். பெயர் வைப்பவர்கள் லயத்துப் பக்கமும் வந்து போகலாம்.

அப்புறம், எனக்கு 'எழுத்தறிவு' என்பதே உறுத்துகிறது. அந்தப் பாட்டி தமிழ் நன்றாக வாசிப்பார். போனில் வரும் படிவமோ மலையாளம், இல்லாவிட்டால் ஆங்கிலம். பேரனிடம் நீட்டிவிடுகிறார், ஓடிபியும் சேர்த்து. ஆனால் வாட்ஸாப்பில் அழுத்திப் பிடித்துக் குரலில் பேசி அனுப்புவதில் என்னைவிடக் கெட்டி. எழுத்து தெரிந்தும் படிவம் நிரப்ப முடியாதவர், எழுத்தே இல்லாமல் ஊருக்கெல்லாம் சேதி அனுப்புகிறவர். தம்பி, இவருக்கு எது இருக்கிறது, எது இல்லை என்று உங்கள் அட்டை சொல்லும்?

வாளையாறு வாசகன் எழுதியது:

டிஜிட் என்பதற்கு லத்தீன் மூலத்தில் பொருள் விரல். நாமும் விரல்விட்டுத்தான் எண்ணினோம். 'விரலறிவு' என்று போடுங்கள். படிக்காதவரைக் கைநாட்டு என்று கேலி பேசிய ஊர் இது. இப்போது ரேஷன் கடையில் எம்.ஏ. படித்தவரும் இயந்திரத்தில் விரலை வைத்தால்தான் அரிசி. போன மாதம் எனக்கு ரேகை விழவில்லை, மூன்று முறை கையைத் துடைத்துக்கொண்டு வரச் சொன்னார்கள். பின்னால் நின்ற தோட்டக்காரருக்கு முதல் தடவையிலேயே விழுந்துவிட்டது.

களியக்காவிளை எழுதியது:

1991இல் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் நடந்தபோது பெண்கள் எழுத்தோடு சைக்கிளும் கற்றார்கள். அறிவொளிக்கு வேர்ச்சொல் என்ன என்று யாரும் கேட்கவில்லை. அதே ஆண்டு ஏப்ரல் 18 அன்று கோழிக்கோட்டில் கேரளத்தின் முழு எழுத்தறிவை அறிவித்தவர், புதிதாக எழுத்துக் கற்ற சேலக்கோடன் ஆயிஷா. 'மின்னறிவொளி' எப்படி?

பாலக்காட்டான் எழுதியது:

டியூப் லைட் மாதிரி இருக்கிறது.

சித்தூர்க்காரன் எழுதியது:

நேற்று வகுப்பில் எல்லாவற்றையும் சொல்லிப் பார்த்தேன். 'விரலறிவு' என்றதும் ஒரு அக்கா கையை நீட்டி, "ரேகை பாக்கறதா தம்பி?" என்றார். 'எண்ணிம' என்றால் எண்ணெய்ச் சங்கதியா என்று கேட்டார்கள். 'மின்னிலக்க' என்றதற்குக் கரண்டு பில் கட்டிவிட்டதாகப் பதில் வந்தது. எழுத்தறிவு பற்றி டீச்சர் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. அவர்கள் சொல்வது 'போன் கிளாஸ்'. அச்சகத்தில் இருந்து இரண்டு முறை கூப்பிட்டாயிற்று. இங்கே விருப்பக்குறி இட்டதில் நான்கு பேர் எண்ணிமம், இரண்டு பேர் மின்னிலக்கம், மற்றவர்கள் வாயே திறக்கவில்லை. அதனால் மேலே சின்ன எழுத்தில் 'எண்ணிம எழுத்தறிவு', கீழே பெரிதாகப் 'போன் படிப்பு' என்று அனுப்பிவிட்டேன்.

மூணாறு டீச்சர் எழுதியது:

எனக்கு 50 படி அனுப்புங்கள் தம்பி. மேல் வரியை ஒட்டுத்தாள் போட்டு மறைத்துக்கொள்கிறேன்.

செங்கோட்டையார் எழுதியது:

எழுத்தின் அளவை மாற்றி வைத்தது குறித்து என் வருத்தத்தைப் பதிவு செய்கிறேன். தவிரவும், நிலைமொழி அகரத்தில் முடிந்து வருமொழி எகரத்தில் தொடங்குவதால் வகர உடம்படுமெய் வர வேண்டும். 'எண்ணிமவெழுத்தறிவு' என்பதே சரி. அச்சை நிறுத்த முடியுமா?