பழைய காரில் வெப்பமானி முள் பொய் சொல்கிறது, வழி சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. அப்பா ஓட்டிய, 1960களின் கார். கிளம்பிப் பதினைந்து நிமிடத்தில் டெம்பரேச்சர் கேஜ் முள் சிவப்புக் கோட்டைத் தொட்டுவிடுகிறது. ஆனால் இன்ஜின் சூடாகவில்லை. இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரை தெர்மோஸ்டாட் (சூட்டுக்கு ஏற்பக் கூலண்ட் ஓட்டத்தைத் திறந்து மூடும் வால்வு) மூடிக்கு நேராகப் பிடித்தால் 85 டிகிரி செல்சியஸ்தான். போட்டிருப்பது 82 டிகிரியில் திறக்கும் தெர்மோஸ்டாட், அதனால் இது சரியான சூடுதான். கூலண்ட் குறையவில்லை, ஃபேன் பெல்ட்டும் இறுக்கமாக இருக்கிறது.

முதலில் டாஷ்போர்டுக்குப் பின்னால் இருந்து கேஜ்களுக்குச் சீரான மின்சாரம் தரும் 10 வோல்ட் ஸ்டெபிலைசரைச் சந்தேகப்பட்டேன். அது கெட்டிருந்தால், அதே இணைப்பில் உள்ள பெட்ரோல் முள்ளும் ஏறியிருக்க வேண்டுமே? அது ஒழுங்காகக் காட்டுகிறது. இன்ஜின் சூட்டை உணர்ந்து கேஜுக்குச் சொல்லும் சென்சாரின் ஒயரைக் கழற்றினால் வெப்ப முள் கீழே இறங்கிவிடுகிறது, ஆக ஒயர் எங்கும் பாடியில் உரசவில்லை.

மிச்சம் இருப்பது சென்சார். போன மாதம்தான் மாற்றினேன், தொல்லையும் அதன் பிறகுதான். சூடு ஏற ஏற அதன் ரெசிஸ்டன்ஸ் குறைய வேண்டும். புதியது அளவுக்கு மீறிக் குறைகிறதோ என்று நினைக்கிறேன். பழையதைத் தூக்கி எறிந்துவிட்டேன், ஒப்பிட வழியில்லை.

வெந்நீரில் போட்டு மல்டிமீட்டரில் அளந்தவர்கள் இருந்தால், எந்தச் சூட்டில் எத்தனை ஓம் வந்தது என்று சொல்லுங்கள். ஒயரில் ஒரு ரெசிஸ்டர் சேர்த்து முள்ளை இறக்கலாம் என்கிறார்கள். நிஜமாகவே இன்ஜின் கொதிக்கும்போது அது காட்டாமல் போய்விடுமோ என்பதுதான் என் பயம். யாராவது செய்து பார்த்திருக்கிறீர்களா?