வெள்ளிக்கிழமைக்குள் பதில்

அரட்டைக் குழு: நம்ம வீடு

சின்னவள்: அந்த இசையமைப்பாளர் மறுபடியும் கேட்டார். அவருடைய பாட்டை நாங்கள் எடுக்கிறோமா, வேறு குழுவுக்குக் கொடுக்கட்டுமா என்று வெள்ளிக்கிழமைக்குள் சொல்ல வேண்டுமாம்.

பெரியவள்: என் பதில் உனக்குத் தெரியும். வெளியாள் எழுதிய பாட்டு வேண்டாம்.

சின்னவள்: நம் பாட்டுக் குழுவில் 4 பேர் இருக்கிறோம் அக்கா.

அம்மா: இரண்டு பேரும் போனில் பேசுங்கள். இங்கே வேண்டாம்.

மாமா: பேசட்டும் அக்கா. ஹார்ட் என்று அமெரிக்காவில் ஒரு ராக் குழு. ஆன் வில்சன், நான்சி வில்சன், இவர்களை மாதிரியே அக்கா தங்கை. 1977இல் ‘பாராகுடா’ பாடிக் கொடிகட்டிப் பறந்தவர்கள். 1982, 1983 இரண்டு ஆல்பமும் எடுபடவில்லை. பழைய ரெக்கார்டு கம்பெனியை விட்டு கேபிடல் கம்பெனிக்கு வந்தார்கள். அங்கே, வெளியாள் எழுதிய பாட்டையும் பாடுங்கள் என்றார்கள்.

அண்ணன்: மாமா இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறார்

மாமா: ‘வாட் அபௌட் லவ்’ கனடாவில் டொராண்டோ என்ற குழு பதிவு செய்து, ஆல்பத்தில் சேர்க்காமல் போட்டுவைத்த பாட்டு. 1985இல் ஹார்ட் பாடியதும் அமெரிக்கப் பட்டியலில் 10ஆம் இடம். அந்த ஆல்பமே முதலிடத்துக்குப் போனது.

அப்பா: அந்த கேசட் என்னுடையது.

மாமா: கேசட் உங்களுடையதுதான் அத்தான். கிடார்தான் என்னுடையது.

அம்மா: தம்பி, கிடார் பேச்சு வேண்டாம்.

பெரியவள்: அந்தக் காலத்துப் பாட்டும் உடையும் மனதுக்கு ஒட்டவில்லை என்று அவர்களே பிறகு சொல்லியிருக்கிறார்கள் மாமா. வீடியோவில் ஆனின் உடம்பை மறைத்து மறைத்துத்தானே எடுத்தார்கள்?

மாமா: அது கொடுமைதான், மறுக்கவில்லை. ஆனால் அவர் தொண்டையைக் கேள் கண்ணு. அடக்கி ஆரம்பித்து, பல்லவியில் ஒரே வீச்சாக மேலே போவார். யார் எழுதியிருந்தால் என்ன, அந்த இடத்தில் அது ஆனின் பாட்டு. அப்புறம் ‘தீஸ் டிரீம்ஸ்’. நான்சி ஜலதோஷத்தோடு பாடினார். அந்தக் கரகரப்பே பாட்டுக்கு உயிர். 1986இல் முதலிடம். குழுவுக்கே முதல் தடவை.

சின்னவள்: தங்கை பாடியது!!

பெரியவள்: இதற்காகத்தான் மாமா இவ்வளவு நீளமா?

பாட்டி: (குரல் செய்தி 0:41)

சித்தி: யாருக்கு ஜலதோஷம், ஆவி பிடித்தாயிற்றா என்று அம்மா கேட்கிறார்கள்

அம்மா: யாருக்கும் இல்லை அம்மா. பாட்டுப் பேச்சு.

அண்ணன்: ஆம்ப்ளிஃபயர் யார் வீட்டில் இருக்கிறது?

சித்தி: எங்கள் வீட்டில்தான். எடுத்துப் போ என்று எத்தனை தடவை சொல்வது

மாமா: ஒன்று விட்டுவிட்டேன். அதே ஆல்பத்தில் ‘நெவர்’ பாட்டை எழுதினவர்களில் அக்கா தங்கை இருவரும் உண்டு. அது 4ஆம் இடம். வெளியாளோடு சேர்ந்தும் எழுதலாம்.

பெரியவள்: அது எனக்குத் தெரியாது.

பெரியவள்: அவர் மெட்டில் எனக்குக் குறையில்லை. இரண்டாம் சரணத்தின் வரிகள்தான் வாயில் உட்காரவில்லை. அதை நான் எழுதலாமா என்று கேள்.

சின்னவள்: சரி, கேட்கிறேன். ஒப்புக்கொண்டால் யார் பாடுவது?

அம்மா: முதலில் கேளுங்கள்.

அண்ணன்: சித்தி, ஞாயிறு வந்து எடுத்துக்கொள்கிறேன்

சித்தி: ஞாயிறு நாங்கள் ஊரில் இல்லை

சின்னவள்: அக்கா?

பெரியவள்: முதலில் அவர் பதில் வரட்டும்.